இடது பக்கத்து பிரேக்

எங்கள் டெம்போவில் மதினி பிரேக் மிதித்ததைவிட நான் மிதித்ததுதான் அதிகம். என்ன, அவர்கள் பக்கம் பிரேக் இருந்தது. என் பக்கம் வெறும் தகரம். பம்பாயில் சயான் சிக்னல் கண்ணில் படுவதற்கு முன்பே என் வலது கால் தரையை ஓங்கி மிதிக்க ஆரம்பித்துவிடும். சிக்னல் பச்சையாக இருந்தாலும் மிதிக்கும். ஒரு மழைக்காலத்தில் அந்தத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, என் செருப்புக்குக் கீழே ரோடு ஓடுவது தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் மதினி வண்டியை ஓரம் கட்டி, எட்டிக் குனிந்து பார்த்தார்கள்.

"மிதிச்சு மிதிச்சு ரோட்டையே தொட்டுட்டீரே கொழுந்தனாரே. இனி நீரு நடந்தே வந்திரலாம்."

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை அவர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுத்தில் கூப்பிட்டால், எங்கே இருந்தாலும் "என்னவே, புதுப் பழக்கம்?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆள் குள்ளம். நிமிர்ந்து நின்றால் என் சட்டைப் பை உயரம். நானோ ஒட்டடைக் கம்பு. இருவரும் தாராவியில் எங்கள் கல்லிக்குள், அந்தக் குறுகிய சந்துக்குள், சேர்ந்து நடந்தால், ஆச்சரியக்குறியும் அதன் புள்ளியும் தனித்தனியாகப் போவது போல இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

எங்கள் தொழில் பாத்திர வாடகை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டா, இட்லிக் கொப்பரை, கரண்டி, நாற்காலி எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து புறப்படும். மாட்டுங்கா மண்டபங்களுக்கும் செம்பூர்க் கட்டடங்களுக்கும் விக்ரோலிக்கும் போய்வரும். அண்ணன் கைவண்டியில் தள்ளி ஆரம்பித்த தொழில். அண்ணன் ஒருநாள் திடீரென்று போய்விட்ட பிறகு நானும் மதினியும் பார்த்துக்கொண்டோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கீழே அவர்கள், மேலே நானும் மனைவியும் இரண்டு பெண்களும். அடுப்பு ஒன்றுதான்.

அப்போது வாடகை டெம்போதான். ஒரு முகூர்த்தக் காலையில் டிரைவர் வரவில்லை, போனையும் அணைத்துவிட்டார். மாட்டுங்காவிலிருந்து கல்யாண வீட்டு மாமி விடாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரசம் வைக்க ஒரு குண்டான் இல்லாம ஒக்காந்துண்டிருக்கோம். மாப்பிள்ளை ஆத்துக்காரா வந்தாச்சு. நீங்க எங்க இருக்கேள்?"

நான் வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றிருந்தேன். "சயான் தாண்டிட்டோம் மாமி," என்றேன்.

மதினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்கள். "தாராவியிலதான் நிக்கோம் மாமி. ரசத்துக்கு மட்டும் இப்பக் கொண்டாரேன். மத்தது பின்னால வரும்." மடியில் குண்டானை வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறிப் போனார்கள். கொஞ்ச நாளில் செம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய வயது. ஏன் மதினி என்று கேட்டதற்கு, "டிரைவர் இல்லாம ஓடுமான்னு யோசிச்சேன். ஓடும்னு தோணிச்சு," என்றார்கள்.

வாழ்நாள் முழுக்க அவர்களிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான். எதைக் கண்டாலும், "இது இல்லாம ஓடுமா?" ஓடும் என்று பதில் வந்தால், "அப்ப வேண்டாம்." அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரிலிருந்து வந்த பெரியப்பா, செய்யவேண்டிய தானங்களை அடுக்கிக்கொண்டே போனார். குடை, செருப்பு, கட்டில், மெத்தை. மதினி தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, இதெல்லாம் இல்லாம அவுக போய்ச் சேந்திருவாகளா?" என்றார்கள். பெரியப்பா துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். "போயிருவாம்மா. அவன் நல்ல பையன்லா." "அப்ப விடுங்க." கல்லி முழுக்கச் சாப்பாடு மட்டும் போட்டார்கள்.

என் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு மேடை அலங்காரக்காரர் வந்து, தாலி கட்டும் நேரத்தில் மேகம் போலப் புகை விடும் மெஷின் ஒன்று இருப்பதாகச் சொன்னார். "புகை இல்லாம தாலி ஏறுமா?" என்று மதினி கேட்டார்கள். ஏறும் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. என் மகள் ஒரு வாரம் பெரியம்மாவோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கல்யாண ஆல்பத்தில் எல்லோருடைய முகமும் தெரிகிறது.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. இல்லாமல் ஓடாது என்று அவர்களுக்குப் பட்டுவிட்டால், கேட்கக்கூட விடமாட்டார்கள். எங்களிடம் பாரம் தூக்கும் ஒருவர் ஒருநாள் அண்டாவை இறக்கிவிட்டு இடுப்பைத் தடவினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, தடவினார், அவ்வளவுதான். மறுநாள் அவருக்கு இடுப்பு பெல்ட் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு எது இல்லாமல் ஓடாது என்பது அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே மதினிக்குத் தெரிந்துவிடும். தனக்கு எல்லாமே இல்லாமல் ஓடும்.

நாங்கள் வாங்கிய முதல் டெம்போ பழையது. டிரைவர் சீட்டு, போல்ட் போட்டு இறுக்கிய பெஞ்சு; நகராது. மதினிக்குக் கால் எட்டவில்லை. வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் செருகி, அப்படியே முன்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஒரு கொண்டை மட்டும் வருவது தெரியும். ஒருமுறை டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, என்னைப் பார்த்து, "டிரைவர் கிதர் ஹை?" என்று கேட்டார். டிரைவர் எங்கே என்றால் நான் என்ன சொல்வது? ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "நீச்சே தேகோ சாப்!" அவர் கீழே பார்த்தார். சல்யூட் அடித்து அனுப்பிவிட்டார்.

என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலருக்கு ஒரு விபத்து நடந்து பயம் வரும். எனக்கு எதுவுமே நடக்காமல் வந்தது. ரோட்டில் தெரியும் எல்லாவற்றையும் கத்திச் சொல்வேன். "ரிக்‌ஷா! ரிக்‌ஷா! பஸ் மதினி, பஸ்! ஆளு! மாடு!"

"பாம்பே பூரா ரிக்‌ஷாதான் வே. ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்கப் போறீரா?"

இத்தனை கத்தலுக்கும் அவர்கள் ஸ்டீயரிங் விலகி நான் பார்த்ததில்லை. லாரி உரசுவது போல வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்ப்பார்கள். இந்தப் பெண்பிள்ளைக்கு ஆண்டவன் பயம் என்ற உறுப்பையே வைக்காமல் படைத்துவிட்டான், மிச்சத்தையெல்லாம் சேர்த்து எனக்கு வைத்துவிட்டான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன்.

அந்த டெம்போவுக்கு வயதாகி, இனி ரோட்டில் ஓட்டக் கூடாது என்றானபோது, புதிதாக ஒரு பிக்கப் வாங்குவது என்று முடிவாயிற்று. வீடு இரண்டுபட்டது. மதினி பேஸ் மாடல். நான் டாப் மாடல். இரண்டுக்கும் பாரம் ஏற்றும் இடம் ஒன்றுதான், என்ஜின் ஒன்றுதான். டாப் மாடலில் பவர் ஸ்டீயரிங், ஏசி, பின்னால் வருவதைக் காட்டும் கேமரா, முன்னும் பின்னும் நகரும் சீட்டு எல்லாம் உண்டு. நான் அவற்றை மந்திரம் போல மனப்பாடம் செய்து சாப்பிடும்போதெல்லாம் ஒப்பித்தேன்.

"இந்தா பாருங்க, நீங்க ஓட்டவா போறீங்க?" என்றாள் மனைவி.

"இல்ல. பயப்படப் போறேன். பயப்படுறவனுக்கும் ஒரு வசதி வேணும்லா?"

மதினி வாதமே செய்யவில்லை. அண்ணனின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லிக்குப் போனார்கள். தண்ணீர் டிரம்கள் நிற்கிற மூலையில்தான் கல்லி மிகவும் குறுகும். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்து, எட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டார்கள். அந்த வேட்டியோடு செம்பூர்ப் பக்கம் இருந்த ஷோரூமுக்குப் போனோம். ஏசி ஹாலில், பளபளவென்று நின்ற பிக்கப்பின் மூக்கில் வேட்டியைப் பிடித்து அளந்தபோது, டை கட்டிய விற்பனைப் பையன் அதை ஏதோ பூஜை என்று நினைத்துக் கைகட்டி நின்றான். வண்டி முடிச்சுக்குள் அடங்கியது. இரண்டு பக்கமும் ஒரு கை நுழையலாம்.

பிறகு அவன் டாப் மாடலின் பெருமைகளை ஆரம்பித்தான். பவர் ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் சுற்றிக் காட்டினான்.

"இஸ்கே பினா சலேகா க்யா?" மதினியின் கேள்வி ஹிந்தியில் புறப்பட்டது.

"சலேகா ஆண்ட்டி, லேகின்..."

"நை மங்தா." ஓடுமென்றால் வேண்டாம்.

ஏசிக்கு ஜன்னல் இருப்பதால் அது வேண்டாம். கேமராவைக் காட்டியபோது என்னைக் காட்டினார்கள். "முன்னால வாரதையே இவரு இந்தக் கத்து கத்துதாரு. பின்னால வாரத சொல்ல மாட்டாரா?" நகரும் சீட்டு என்றபோது, "நமக்குத் தலகாணி இருக்குல்லா," என்றார்கள். பையனின் டை தளர்ந்துவிட்டது. பேஸ் மாடல் என்று பேசி, அடுத்த வாரம் வந்து எழுதிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினோம். திரும்பும் வழியெல்லாம் நான் துக்க வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மதினி தனியாகச் செம்பூர்க் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மத்தியானம் கழித்துத்தான் வந்தார்கள். நெற்றியில் குங்குமம் இல்லை, கையில் பிரசாதம் இல்லை. "கூட்டம்," என்றார்கள். கொஞ்சம் படுத்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. பவர் ஸ்டீயரிங்குக்காக ஒரு கடைசிச் சொற்பொழிவு தயாரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை ஷோரூமுக்குப் போனபோது, அந்தச் சொற்பொழிவுக்கு வேலையே இருக்கவில்லை. பையன் உஷாராகிவிட்டிருந்தான். எங்களைக் கண்டதும் பேஸ் மாடல் பக்கம் நடந்தான். மதினி டாப் மாடலின் அருகே போய் நின்றார்கள். பவர் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் தொட்டுச் சுற்றிப் பார்த்தார்கள்.

பையன் சிரித்தான். "ஆண்ட்டி, இஸ்கே பினா சலேகா."

மதினி என்னைப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள்.

"நை சலேகா," என்றார்கள். "டாலோ."

இது இல்லாமல் ஓடாதாம். பவர் ஸ்டீயரிங் போடு. கேமரா போடு. ஏசி போடு. நான் சொக்கிப்போனேன். உலகத்திலேயே பேச்சுத் திறமையால் மதினியை மாற்றிய ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பில் நின்றேன்.

"கொழுந்தனாரே, ஏறி உக்காரும்."

"நானா? எங்க?"

"டிரைவர் சீட்டுலதான். சும்மா உக்காந்து பாரும், கடிக்காது."

ஏறினேன். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பையன் சீட்டுக்கு அடியில் இருந்த லீவரை இழுத்துப் பின்னால் தள்ளினான். இன்னும் இடித்தது. "அவுரு காலு நெட்டக்காலு. இன்னும் தள்ளு," என்றார்கள் மதினி. கடைசிப் பல் வரை தள்ளினான். "இப்ப காலு எட்டுதா? பிரேக்க மிதியும். முதுகு சாயுதா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்கள். நான் ராஜா போலக் கையாட்டி, "ரைட் போலாம்!" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

தசரா அன்று வண்டி வந்தது. அதை அழகுபடுத்தும் பொறுப்பு என்னுடையது. செண்டுப் பூமாலை போட்டேன். மஞ்சள் பூசினேன். பத்தாது என்று இரண்டு பக்கமும் வாழைக்கன்றுகளைக் கட்டினேன். மதினி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டு, கல்லிக்குள் வண்டியை விட்டார்கள். தண்ணீர் டிரம் மூலையில் வண்டி சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கதவு திறக்கவும் இடமில்லை. புத்தம்புது வண்டி, உள்ளே மதினி, வெளியே நான்.

"மதினீ! வேட்டி பொய் சொல்லிட்டு! அண்ணன் வேட்டி பொய் சொல்லிட்டு!" என்று தலையில் கை வைத்துக் கதறினேன். வண்டியை இடிக்கச் சொன்னார்கள் சிலர், சுவரை இடிக்கச் சொன்னார்கள் சிலர். அதில் சுவருக்குச் சொந்தக்காரரும் ஒருவர்.

மதினி ஜன்னலில் தலையை நீட்டினார்கள். "வேட்டி பொய் சொல்லல வே. வாழையை யாரு அளந்தா?"

கூட்டம் திரும்பி வாழைக்கன்றுகளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"இது இல்லாம ஓடுமா?" என்று மதினி கேட்டார்கள்.

"ஓடும்!" என்றது கல்லி முழுக்க. அரிவாளுக்கு ஆள் ஓடினார்கள். மதினி ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பில்தான் வயிற்றைப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தசரா கழிந்த கையோடு என்னை லைசென்ஸ் எடுக்கச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தார்கள். "நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு மதினி? டிரைவர் இல்லாம ஓடுமான்னு கேட்டதே நீங்கதான்." "இப்ப டிரைவர் இருக்கதாலதான் ஓடுது. போய்ப் படியும்." அவர்கள் படித்த அதே ஸ்கூல். அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாக இடது பக்கத்திலும் பிரேக் உள்ள காரைப் பார்த்தேன். சொல்லிக்கொடுக்கிறவருக்காக வைத்தது. எத்தனை வருஷமாக நான் கனவு கண்ட பிரேக்! ஆனால் அன்றைக்குப் பார்த்து என்னை வலது பக்கம் உட்காரவைத்துவிட்டார்கள். பரீட்சை வைத்த அதிகாரி, நான் வட்டத்தை முடித்ததும் வேகமாக இறங்கி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஆனால் பாஸ் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் வந்ததே தவிர, பிக்கப்பில் நான் கை வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை தேவ்நார்ப் பக்கம் போவோம். ரோடு காலியா இருக்கும். கொஞ்சம் ஓட்டிப் பாரும்," என்று கூப்பிடுவார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலிக்கும். அடுத்த ஞாயிறு வயிறு சரியில்லை. அதற்கடுத்த ஞாயிறு சந்திராஷ்டமம். "அப்ப அடுத்த வாரம் பாப்போம்," என்பார்கள். வற்புறுத்துவதில்லை. நான் பழையபடி இடது பக்கம் ஏறி, புதுத் தரையை மிதித்துக்கொண்டு போனேன்.

புது வண்டியிலும் அந்தப் பூப்போட்ட தலையணை தொடர்ந்தது.

"மதினி, இதுல லீவர இழுத்தா சீட்டு முன்னால வரும்லா? அதுக்குத்தானே காச அழுதோம்? இந்தச் சவத்த இன்னும் எதுக்கு முதுகுல கட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"பழகிட்டு."

"டாப் மாடல்ல தலகாணி. பாக்கவன் சிரிப்பான்."

"அதான் நீரு சிரிக்கீருல்லா, போதும்."

மழை வருவதற்குள் அவர்கள் கையில் வளையல் தளர்ந்து முழங்கை வரை ஓடியது. கேட்டால் வாயு என்பார்கள். ஒருநாள் விக்ரோலியில் பாத்திரம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாக வண்டியை ஓரத்தில் நிறுத்தினார்கள். "இங்கன கொஞ்சம் நிப்போம் கொழுந்தனாரே," என்று சொல்லி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார்கள். அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்துவதற்கு ரோட்டில் எதுவும் இல்லை. எல்லாம் வண்டிக்குள் இருந்தது. தெரிந்த கிரேன்காரர் ஒருவருக்குப் போன் செய்து பிக்கப்பைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டு, ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எந்த ஆஸ்பத்திரி என்று மதினிதான் ரிக்‌ஷாக்காரருக்கு வழி சொன்னார்கள். டாக்டர் அவர்களைக் கண்டதும், "ஆயி, நவராத்திரியின்போதே சொன்னேனே, ஏன் வரவில்லை?" என்று ஹிந்தியில் கேட்டார். மதினி என்னைப் பார்த்தார்கள். பிரசாதம் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு அப்போது புரிந்தது. வயிற்றில் இருந்த கட்டி அன்றைக்கே முற்றிப்போயிருந்ததாம். வெட்டி எடுப்பதற்கும் இல்லை, கரைப்பதற்கும் இல்லை. இப்போது வலிக்கு மாத்திரை தரலாம் என்றார் டாக்டர்.

"இஸ்கே பினா சலேகா க்யா, டாக்டர் சாப்?"

"சலேகா, ஆயி." அவர் நல்ல மனுஷர்; பொய் சொல்லவில்லை. "லேகின் துகேகா." ஓடும், ஆனால் வலிக்கும்.

மதினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்கள்.

"தோ தே தோ," என்றார்கள். அப்ப குடுங்க.

டாக்டர் சொன்ன எதிலும் எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. மதினி வேண்டும் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டது.

கடைசி நாட்களில் முன்னறையில், அண்டாக்களுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். மேலே வரச் சொன்னோம். பாத்திரங்களின் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றார்கள். வண்டி ரோட்டோரம் போர்வை போர்த்தி நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கோமாளித்தனம் செய்துகொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

ஒருநாள் மாலை கேட்டார்கள். "வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீரா? நிக்க நிக்க பேட்டரி போயிரும்."

"நாளைக்குப் பாக்கேன் மதினி."

"பயமா இருக்கா வே?"

"எனக்கா? பயமா? நான் யாரு?"

சிரிக்க முயன்றார்கள். "எனக்கும் இருக்கு."

நான் அவர்கள் நோயைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லையாம். "வண்டியச் சொல்லுதேன். மொத நாள்லேந்து பயந்தான். ஒவ்வொரு லாரி வரும்போதும் கத்தணும்னு வரும். நீரு பக்கத்துல இருந்து அந்தக் கத்து கத்துனீரா, எனக்குக் கத்த எடமே இல்லாமப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார்கள். "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் கத்தியிருந்தா அண்டா எப்படிப் போயிருக்கும்?"

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அவர்களுடைய பதினாறாம் நாள் காரியத்தில், ஊர்ப் பெரியவர்கள் அடுக்கிய எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். குடை, செருப்பு, கட்டில் எல்லாம் கொடுத்தேன். எது இல்லாமல் ஓடும் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

அது முடிந்து சில நாளில் மாட்டுங்கா மாமி போன் செய்தார். ரசத்துக்குக் குண்டான் கேட்ட அதே மாமி. அவர் வீட்டில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம்.

"அந்தக் குள்ள அம்மா வருவாளோன்னோ? அவ கொண்டு வந்தாத்தான் நேக்கு நிம்மதி."

நான் சொன்னேன். மறுமுனையில் மாமி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ வண்டிய யாரு ஓட்டிண்டு வருவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வண்டி வந்துரும் மாமி."

பாத்திரங்கள் அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதில் ஒரு தண்ணீர் டிரம்மும், ஒரு சைக்கிள்காரரும், நிறைய ஹிந்தி வசவுகளும் வரும். அதைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்க எனக்கு ஆசைதான். ஆனால் சொல்ல வந்தது அதற்கு முந்திய கொஞ்ச நேரம்.

காலையில் போர்வையை உருவிவிட்டு, பழக்கத்தில் இடது பக்கக் கதவைத் திறந்தேன். சாத்தினேன். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். சீட்டில் தலையணை, நடுவில் அவர்கள் முதுகு அமுங்கிய பள்ளத்தோடு, சாய்ந்து நின்றிருந்தது. அதை எடுத்து என் பழைய இடத்தில், இடது சீட்டில் வைத்தேன். குள்ளமான ஆள் ஓட்டிய வண்டி. என் கால் மடங்காது என்று தெரியும். ஏறி உட்காருவதற்கு முன்பே குனிந்து, அடியில் லீவரைத் தேடிப் பிடித்து, சீட்டைப் பின்னால் தள்ளினேன்.

நகரவில்லை.

துரு ஏறிவிட்டதோ என்று பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். அசையவில்லை. முன்னால் இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி தள்ளினேன். பின்னால் போய், கடைசிப் பல்லில் டக்கென்று நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை.

ஷோரூமில் அந்தப் பையன் என் காலுக்காகத் தள்ளிவைத்த இடம். மதினி அதை முன்னால் இழுக்கவே இல்லை.

ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. முதுகு சாய்ந்தது. இத்தனை வருஷமாகத் தகரத்தை மிதித்த என் வலது கால் தானாக முன்னால் போயிற்று. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் இருந்தது.

சாவி இன்னும் சட்டைப் பையில்தான். என்ஜினை ஸ்டார்ட்டே செய்யவில்லை, எதிரே ரிக்‌ஷா இல்லை, பஸ் இல்லை, ஆள் இல்லை. ஆனாலும் மிதித்தேன். பக்கத்துச் சீட்டில் தலையணை ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருக்க, நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.